பி.காம். சேர்ப்பதா, டேலி போதுமா?

9 ஜூன் 2025, மாலை (கேள்வி: திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஒருவர்)

பெண் பிளஸ் டூ முடித்துவிட்டாள். அரசுப் பள்ளி, மார்க் சுமார். பி.காம். போட்டால் மூன்று வருஷம். எங்கள் தெருவில் பி.காம். முடித்த இரண்டு பேர் ஜவுளிக்கடையில் நிற்கிறார்கள். ஆறு மாசம் டேலி (கம்ப்யூட்டரில் கணக்கு எழுதும் மென்பொருள்) படித்த பையனும் அதே கடையில் பில் போடுகிறான், அதே சம்பளம். அப்புறம் கல்லூரி எதற்கு? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

9 ஜூன், இரவு (என் பதில்)

டேலி போதும்.

நீடாமங்கலம் பக்கம் ஒரு அரிசி ஆலையில் பதினாறு வருஷமாகக் கணக்கு பார்க்கிறேன். போன வாரம் ஆபீசுக்கு ஒரு ஆள் எடுத்தோம். வந்தவர்கள் பதினோரு பேர். ஒன்பது பி.காம்., ஒரு எம்.காம்., ஒரு பி.இ. எல்லாரிடமும் ஒரே கேள்விதான். நுகர்பொருள் வாணிபக் கழகத்து நெல் ஒரு டன் அரவைக்கு வருகிறது. நூற்றுக்கு 68 அரிசியாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எவ்வளவு அரிசி போகும், மீதி எங்கே போகும்?

680 கிலோ என்று சொல்லவே ஏழு பேர் செல்போனை எடுத்தார்கள். மீதி 320-ஐப் பற்றி எம்.காம். சொன்ன பதில்: "வேஸ்ட் மேடம்."

வேஸ்டாம். அந்த உமி எரிந்துதான் எங்கள் பாய்லர் ஓடுகிறது. தவிடு எண்ணெய் ஆலைக்குப் போகிறது, குருணை கோழித் தீவனத்துக்கு. நெல் காயப்போட்ட ரோட்டில் ஓரம் கட்டி வண்டி ஓட்டிக் கல்லூரிக்குப் போய்வந்த பிள்ளைகள் இவர்கள்.

கொரடாச்சேரிப் பக்கத்துப் பெண் ஒன்றுதான் யோசிக்காமல் சொன்னது. "உமி, தவிடு, குருணை, கருக்கா. காய்ஞ்சதுல போன தண்ணியும் அதுலதானே மேடம் சேரும்?" தண்ணீரை அன்றைக்கு வேறு யாருமே சொல்லவில்லை. எக்செல்லில் கூட்டல் தவிர ஒன்றும் தெரியாது அவளுக்கு. எடுத்துவிட்டேன். குத்தகை விவசாயி மகள். அந்தப் பதில் கல்லூரியில் கிடைத்ததில்லை, களத்துமேட்டில் கிடைத்தது. உங்கள் பெண்ணை டேலியில் சேருங்கள், இரண்டரை வருஷம் மிச்சம்.

10 ஜூன்

மன்னார்குடிக்காரர் ஒருவர் பிடித்துவிட்டார்: 68 புழுங்கலுக்கு, பச்சரிசிக்கு 67. சரிதான். எங்களுக்குப் புழுங்கல் அரவை மட்டும், அதனால் அப்படியே வந்துவிட்டது.

இன்னொன்று, கோபத்தில் விட்டுப்போனது. பெண் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி என்றால் கல்லூரியில் சேர்ந்தவுடன் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். பட்டம், டிப்ளமோ, ஐ.டி.ஐ. எதுவானாலும் சரி. தெருமுனை டேலி சென்டருக்குக் கிடையாது. டேலி ஃபீஸை அந்த ஆயிரத்திலேயே கட்டலாம். இதை முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

13 ஜூன்

நேற்று மேட்டூர் திறந்தாயிற்று, ஜூன் 12-க்கே. முதலாளி முகத்தில் சிரிப்பு, எனக்கு மதியம் ஓய்வு. முதலில் எழுதியதைத் திரும்பப் படித்தேன். பதில் தப்பு.

2001-ல் பி.காம். முடித்துக் கும்பகோணத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் சேர்ந்தேன். மாதம் அறுநூறு ரூபாய், அதில் பாதி பஸ்ஸுக்கே போகும். அங்கே எஸ்.எஸ்.எல்.சி. படித்த பெரியவர் ஒருவர் முப்பது வருஷமாகக் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். முதல் மாதம் ஒரு மளிகைக்கடைப் பேரேட்டை என்னிடம் கொடுத்தார். டிரையல் பேலன்ஸ் (இருப்பாய்வு, பற்றும் வரவும் ஒன்றாக நிற்கிறதா என்று பார்க்கும் பட்டியல்) 90 ரூபாய் உதைத்தது. இரண்டு நாள், ஒவ்வொரு பக்கமாகக் கூட்டிக் கூட்டிப் பார்த்தேன். கூட்டல் எல்லாம் சரி, தொண்ணூறு மட்டும் அப்படியே நிற்கிறது. மூன்றாம் நாள் பெரியவர் எட்டிப் பார்த்தார்.

"தொண்ணூறா? ஒம்போதால வகுபடுது. எங்கியோ இலக்கத்த மாத்திப் போட்டிருக்கே. கூட்டலப் பாக்காதம்மா, எண்ணப் பாரு."

பத்து நிமிஷத்தில் அகப்பட்டது. 4,560-ஐ 4,650 என்று ஏற்றியிருந்தேன்.

ஏன் ஒன்பது என்று கேட்டேன். "அது அப்படித்தான். எனக்குச் சொல்லிக் குடுத்தவரும் அப்படித்தான் சொன்னாரு." அன்று சாயங்காலம் ஒரு வவுச்சரின் பின்பக்கம் போட்டுப் பார்த்தேன். பக்கத்துப் பக்கத்து இலக்கம் இரண்டு இடம் மாறினால் பத்து மடங்காக இருந்தது ஒரு மடங்காகிறது, ஒரு மடங்காக இருந்தது பத்து மடங்காகிறது. ஆக வித்தியாசம் எப்போதும் அந்த இரண்டு இலக்கத்தின் வித்தியாசத்தை ஒன்பதால் பெருக்கியது. ஐந்தும் ஆறும் மாறியிருந்தன, வித்தியாசம் ஒன்று, அதனால் ஒன்பது. பத்தாம் இடத்திலிருந்து மாறியதால் தொண்ணூறு. பெரியவரிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். "முப்பது வருஷமா தெரியாமலே செஞ்சிட்டிருக்கேன் பாரு" என்றார். பிறகு, "இதுக்குத்தான் காலேஜா?" கிண்டலா பாராட்டா, இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

கொஞ்ச நாளில் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. டேலியில் பற்றும் வரவும் சரியாக நிற்காவிட்டால் அது உள்ளேயே விடாது. ஒன்பது வித்தைக்கு அங்கே வேலையில்லை. பெரியவர் மவுஸைத் தொட மாட்டேன் என்று ஒதுங்கிவிட்டார், நான் ஒட்டிக்கொண்டேன். கல்லூரியில் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுத்தார்கள் என்று நினைக்க வேண்டாம். எங்கள் லேபில் கம்ப்யூட்டரைப் பிளாஸ்டிக் உறை போட்டுத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். புதுசு என்றால் பயமில்லாமல் இருந்தது, அவ்வளவுதான். அது படிப்பு தந்ததா, இருபத்தொரு வயசு தந்ததா, பிரித்துச் சொல்ல வரவில்லை.

ஒன்று மட்டும் சொல்ல முடியும். அந்த இரண்டு நாள் நான் உருப்படியாக ஒரு வேலையும் செய்யவில்லை. நாற்காலி கொடுத்தார்கள், மின்விசிறி ஓடியது, அறுநூறில் இரண்டு நாள் பங்கு எனக்கு வந்தது. பெரியவரின் நேரம் தனி. போன வாரம் எங்களிடம் வந்த பதினோரு பேருக்கு அப்படி இரண்டு நாள் கொடுக்க நான் தயாராக இருந்தேனா? இல்லை. பத்து நிமிஷத்தில் பத்துப் பேரை அனுப்பிவிட்டேன்.

டேலி போதும் என்றதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

15 ஜூன்

"இந்தியாவில் பாதிப் பட்டதாரிகள் வேலைக்கு லாயக்கில்லை, அரசே சொல்கிறது" என்று ஒருவர் கணக்கோடு வந்திருக்கிறார். 2023-24 பொருளாதார ஆய்வறிக்கையில் 51.25 சதவீதம் இளைஞர்கள்தான் வேலைக்குத் தகுதியானவர்கள் என்று இருப்பது உண்மைதான். அதற்கு முன்னால் 2005-ல் ஐ.டி. கம்பெனிகளின் சங்கமான நாஸ்காமும் ஆலோசனை நிறுவனமான மெக்கின்சியும் சேர்ந்து, பொறியியல் பட்டதாரிகளில் 25 சதவீதம்தான் ஐ.டி. கம்பெனிகளுக்குத் தேறுவார்கள் என்றன. அந்த 25 பொறியியல் படித்தவர்களைப் பற்றியது, அதுவும் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ஐ.டி. வேலை செய்வதைப் பற்றியது. இந்த 51 தனியார் அமைப்பு ஒன்று ஆன்லைனில் வைத்த தேர்விலிருந்து வந்தது. எந்த வேலைக்கு என்று சொல்லாமல் தகுதி மட்டும் சொன்னால் நான் என்ன செய்வது? எங்கள் ஆலைக்கு ஆள் வேண்டும் என்றால் அந்த 51-ல் ஒருவரை எங்கே போய்ப் பொறுக்குவேன்?

சொல்லிவிட்டு யோசித்தால் என் 320 கிலோ கேள்வியும் அதே ரகம்தான். நாகப்பட்டினத்திலிருந்து மீனவர் வீட்டுப் பெண் ஒருத்தி வந்திருந்தால் தண்ணீர் பதிலைச் சொல்லியிருக்க மாட்டாள். ஒரு பெட்டி மீனுக்கு எவ்வளவு ஐஸ் என்று அவள் என்னைக் கேட்டிருந்தால் நான் முழித்திருப்பேன். களத்துமேட்டில் பிறந்ததற்கு மார்க் போட்டுவிட்டுத் திறமைக்குப் போட்டதாகப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

22 ஜூன்

வரும் என்று தெரியும், வந்துவிட்டது. "ராமானுஜன் பட்டமா வாங்கினார்?" கும்பகோணத்தில் படித்தவர்கள் எல்லாருக்கும் இந்த ஒரு சீட்டு கையில் இருக்கும். நானும் போட்டிருக்கிறேன், அப்பாவிடம், ரிசல்ட் வந்த அன்று.

கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணக்கைத் தவிர மற்றதில் தவறி உதவித்தொகையை இழந்தார், பிறகு சென்னையிலும் எஃப்.ஏ. (அந்தக் காலத்துக் கல்லூரி முதற்கட்டத் தேர்வு) தேறவில்லை. இதுவரை எல்லாரும் சொல்வார்கள். மீதியைச் சொல்வதில்லை. நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக வேலை கேட்டு அலைந்தார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது, மாதம் 30 ரூபாய். மனுவோடு பிரசிடென்சி கல்லூரிக் கணக்குப் பேராசிரியர் மிடில்மாஸ்டின் சிபாரிசுக் கடிதம் போனது. மேலே இருந்த நாராயண ஐயர் தாமே கணக்கில் ஊறியவர், இந்தியக் கணிதச் சங்கத்தின் பொருளாளர். குமாஸ்தா வேலை நேரத்தில் வேறு எதையோ கிறுக்கினால் என்னவென்று படித்துப் பார்க்கத் தெரிந்த மேலதிகாரி. பட்டம் வேண்டாம் என்பதற்கு இந்தக் கதையைச் சொல்பவர்கள், முதலில் உங்கள் பிள்ளைக்கு ஒரு நாராயண ஐயரைப் பிடித்துக் கொடுங்கள்.

தன் தொழிலை விட்டுக்கொடுக்காத படிப்புகளைப் பாருங்கள், வேலையைப் படிப்புக்குள்ளேயே வைத்துத் தைத்திருப்பார்கள். டாக்டருக்கு ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜன். சி.ஏ.வுக்கு ஆர்ட்டிகிள்ஷிப் (ஆடிட்டரிடம் பயிற்சி), முன்பு மூன்று வருஷம், 2023-லிருந்து இரண்டு. பி.காம்., பி.எஸ்ஸி.க்கு மட்டும் "வெளியே போய்க் கற்றுக்கொள்." வெளியே போனால் "அனுபவம் உண்டா?"

என் மாமா திருவெறும்பூர் பெல் (BHEL) ஆலையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்து வெல்டிங் கற்றவர். கற்கும்போதே கையில் காசு கொடுத்தார்கள். அவர் வீணாக்கிய ராடுகளுக்குக் கம்பெனிதான் செலவு ஏற்றது. இதை அவர் பெருமையாகச் சொன்னதே கிடையாது, உலக வழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

23 ஜூன்

தஞ்சாவூர் அண்ணனுக்கு: டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆக்கியதால்தான் வேலை இல்லை என்கிறீர்கள். 2020 சட்டம் தடுப்பது எண்ணெய், எரிவாயு, உருக்காலை, தோல் பதனிடும் ஆலை மாதிரிப் பட்டியலை. அரிசி ஆலையையோ கம்ப்யூட்டர் கம்பெனியையோ அது தொடவில்லை. ஐ.டி. கம்பெனிகளுக்கு மினி டைடல் பூங்கா போன வருஷம் உங்கள் ஊரிலேயே திறந்தார்கள். அதற்கு முன்னால் மட்டும் இங்கே என்ன கிழிந்தது?

6 ஜூலை

என் கூடப்பிறந்த அண்ணன் மகன் கதையைச் சொல்லாமல் இருக்கப் பார்த்தேன். பொதுவாகப் பேசினால் ஓடாது போலிருக்கிறது.

2023-ல் பி.இ. மெக்கானிக்கல் முடித்தான். கடைசி வருஷமே கேம்பஸில் ஒரு ஐ.டி. கம்பெனி எடுத்து, ஆஃபர் லெட்டர் கொடுத்தது. அண்ணி ஊருக்கெல்லாம் கேசரி கொடுத்தாள். சேரும் தேதி மட்டும் வரவில்லை. மூன்று மாசம், ஆறு மாசம், நடுவில் இன்னொரு தேர்வு எழுது என்று ஒரு மெயில், பிறகு அதுவும் இல்லை. அவன் மேல் தப்பில்லை, சொல்லிக்கொடுத்தவர்கள் மேலும் தப்பில்லை. கம்பெனிக்கு வேலை வரவில்லை, ஆளை வாசலில் நிறுத்திவிட்டது. அந்த ஒரு வருஷச் சாப்பாடு அண்ணன் செலவு. பிறகு சென்னையில் ஏதோ கோர்ஸ், ஹாஸ்டல் வாடகை. அண்ணியின் வளையல் கூட்டுறவு வங்கிக்குப் போனது அப்போதுதான். நகைக்கடன் எதற்கு என்று வங்கியில் கேட்டதற்குப் "பயிருக்கு" என்று சொல்லியிருக்கிறான் அண்ணன். பயிர்தான், ஒரு வகையில்.

இப்போது சிங்கப்பூருக்கு ஸ்கில் டெஸ்ட் பழகுகிறான். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: அங்கே கட்டுமான வேலைக்கு ஒர்க் பெர்மிட்டில் போக, அந்த நாட்டுக் கட்டட ஆணையம் வைக்கும் கைவேலைத் தேர்வில் தேற வேண்டும். கம்பி கட்டுவது, பிளம்பிங், வயரிங், டைல்ஸ் என்று ஏதாவது ஒரு தொழில். இவன் எடுத்தது டைல்ஸ்.

பழகும் இடத்தை நேற்று போய்ப் பார்த்தேன். ரோட்டோரம் தகரக் கொட்டகை. வரிசையாக மார்பளவு சுவர்கள். ஒவ்வொருத்தனும் தன் சுவரில் ஒட்டுகிறான், ரசமட்டம் வைத்துப் பார்க்கிறான், மாஸ்டர் வந்து மரச் சுத்தியால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "உள்ள பொள்ளலா இருக்கு, பேத்துடு" என்கிறார். பேர்த்துவிட்டு மறுபடி. அங்கே என்னைப் பார்த்து ஒருத்தன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டான். விசாரித்தால் அவனும் பி.இ.யாம், சிவில். பட்டத்தைச் சொன்னால் மற்றவர்கள் "இன்ஜினியரே" என்று கூப்பிட்டே கொன்றுவிடுகிறார்களாம்.

"நாலு வருஷத்துல யாராவது நான் செஞ்சதப் பேத்துப்போடச் சொல்லியிருக்காங்களா அத்தை?" என்று கேட்டான் அண்ணன் மகன், வண்டியில் வரும்போது. "எல்லாத்துக்கும் டிக் போட்டு ரெக்கார்டுல கையெழுத்துதான்."

நான் பதில் சொல்லவில்லை.

13 ஜூலை

நேற்று குரூப் 4. ஆலை ஆபீசில் நான் தனி ஆள், புதிதாக வேலைக்கு எடுத்த கொரடாச்சேரிப் பெண், எங்கள் புதுப்பெண், தேர்வு எழுதப் போய்விட்டாள். அண்ணன் மகனும் ஒரு கை பார்க்கலாம் என்று போனான். இடம் 3,935. விண்ணப்பித்தவர்கள் ஏறக்குறைய 13.9 லட்சம். ஒரு நாற்காலிக்கு 350 பேர். கேட்கும் படிப்பு பத்தாம் வகுப்பு.

அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2023-ல் வெளியிட்ட அறிக்கையில் ஒரு கணக்கு உண்டு. 25 வயதுக்கு உட்பட்ட பட்டதாரிகளில் 42 சதவீதத்துக்கு மேல் வேலையில்லாதவர்கள். 35 தாண்டியவர்களில் 5 சதவீதத்துக்கும் கீழே. முதலில் படித்தபோது நிம்மதியாக இருந்தது, கடைசியில் எல்லாருக்கும் கிடைத்துவிடுகிறது என்று. இப்போது வேறு மாதிரி தெரிகிறது. நடுவில் இருக்கும் பத்து வருஷத்தில் படிப்புக்கேற்ற வேலை வந்ததா, அல்லது கல்யாணமும் கடனும் வந்து ஏதோ ஒன்றில் உட்கார்ந்தார்களா? எங்கள் செட்டில் பாதிப்பேர் இரண்டாவது ரகம். ஜவுளிக்கடையில் நிற்கும் உங்கள் தெரு ஆட்களும் அந்த 5 சதவீதத்தில் சேராதவர்கள்தான், ஐயா.

பட்டதாரிக்கு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஐந்து வருஷம் பதிந்து காத்திருந்தால் உதவித்தொகை மாதம் 600. 2001-ல் என் சம்பளம்.

3 ஆகஸ்ட்

பதினெட்டாம் பெருக்கு. சித்ரான்னம் கட்டிக்கொண்டு படித்துறைக்குப் போனோம், தண்ணீர் நிறையப் போகிறது. இன்று கணக்கு பேசுவதாக இல்லை.

(ஒன்று மட்டும். புதுப்பெண் என்னை "மேடம்" என்பதை விட்டு "அக்கா" என்கிறாள். கேட்காமல் வந்தது.)

24 ஆகஸ்ட்

பெல் மாமா கதையைப் படித்த ஒருவர், "அப்ரண்டிஸ் சட்டம் இப்பவும் இருக்கே, உங்க ஆலை எத்தனை பேர் எடுக்குது?" என்று கேட்டார். சுருக்கென்றது. போய்த் தேடினேன். உதவி செய்யப் போய் உதை வாங்கின கதை.

சட்டம் 1961. பட்டதாரிகளையும் டிப்ளமோக்காரர்களையும் 1973 திருத்தத்தில் சேர்த்தார்கள். பட்டதாரி அப்ரண்டிஸுக்கு 2019 விதிப்படி மாதம் குறைந்தது 9,000, அதில் பாதியை மத்திய அரசு திருப்பித் தரும். இதுவரை நல்ல சேதி. அடுத்த வரி: முப்பது பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் இடம் என்றால் எடுப்பது கட்டாயம். மொத்த ஆளில் 2.5-லிருந்து 15 சதவீதம்.

எண்ணினேன். நாற்பத்தொன்று. இரண்டரை சதவீதம் என்றால் ஒரு ஆளும் ஒரு விரலும்.

முதலாளியிடம் போனேன்.

"லோடுமேனையும் சேத்தா எண்ணுறது?"

"காண்ட்ராக்ட் ஆளும் சேத்திதான் முதலாளி."

"இத்தன வருஷமா ஒருத்தனும் வந்து கேக்கலியேம்மா?"

"நாமதான் போர்ட்டல்ல பதியணும்."

"நாம ஏன் தேடிப் போயி தலைய குடுக்கணும்?"

பாதிப் பணம் அரசு தரும் என்றேன். அதில்தான் இன்னும் பயந்தார். "பணம் குடுத்தா வந்து பாப்பானே!"

கல்லூரி ஒன்றும் கற்றுத்தரவில்லை என்று ஜூன் மாசம் எகிறியவள் நான். கற்றுக்கொடுக்க வேண்டிய கடமை பதினாறு வருஷமாக நான் உட்கார்ந்திருக்கும் கட்டடத்துக்கும் இருந்திருக்கிறது. பாய்லர் சான்றிதழ், எடைத்தராசு முத்திரை, மாசுக் கட்டுப்பாடு என்று ஒவ்வொன்றுக்கும் தேதி குறித்து வைத்திருக்கிறேன். இது ஒன்று என் கண்ணிலேயே படவில்லை.

21 செப்டம்பர்

புதுப்பெண் முதல் பெரிய தப்பைச் செய்துவிட்டாள்.

பின்னணி: 25 கிலோ வரைக்கும் பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி., 2022 ஜூலை 18-லிருந்து. கடையில் 26 கிலோ பை ஏன் வந்தது என்று யோசித்தவர்களுக்கு இதுதான் காரணம், ஒரு கிலோ கூடினால் வரி இல்லை. எங்களுக்கு 5 கிலோ, 10 கிலோ பையும் உண்டு, அதற்கு வரி போட்டுத்தான் பில்.

திருச்சியில் ஒரே பெயரில் இரண்டு கடைகள் எங்களிடம் வாங்குகின்றன. ஆகஸ்ட் மாத பில் நாலை அவள் மற்றவர் கணக்கில் ஏற்றிவிட்டாள். 11-ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர். 1 (மாத விற்பனை ரிட்டர்ன்) போய்விட்டது. 14-ஆம் தேதிக்கு மேல் 2பி-யை (வாங்கியவருக்கு வரும் வரி வரவுப் பட்டியல்) பார்த்த கடைக்காரர் போனில் பிடிபிடியென்று பிடித்தார், தன் வரவில் நாலு பில்லைக் காணோம் என்று. டேலி சொல்லாது. பற்றும் வரவும் சரியாக இருக்கிறதே, ஆள்தானே தப்பு. கும்பகோணத்துப் பெரியவரின் ஒன்பதும் இங்கே உதவாது.

அவள் அழுதாள். நான் கத்தவில்லை என்று எழுத ஆசை. கத்தினேன். பிறகு டீ சொல்லிவிட்டு, அடுத்த மாத ரிட்டர்னில் திருத்தம் போடுவது எப்படி என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். ஒரு முழு மதியம் போனது. முடிந்ததும் மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, இது செய்பிழைதானே. விடுபிழை, செய்பிழை, ஈடுசெய் பிழை, விதிப்பிழை. பதினொண்ணாம் வகுப்புலயும் எழுதுனேன், காலேஜ்லயும் எழுதுனேன். இருப்பாய்வு காட்டிக்குடுக்காத பிழைன்னு அஞ்சு மார்க் கேள்வி."

பெயர் ஏழு வருஷமாகக் கையில் இருந்திருக்கிறது, ஆளைப் பார்த்தது அன்றுதான். பெயர் இல்லாமல் போயிருந்தால் "ஏதோ தப்பாயிடுச்சு" என்று நகர்ந்திருப்பாள். மறுநாள் அவளாகவே பார்ட்டி பட்டியலை எடுத்து, ஒரே பெயர்க்காரர்கள் எல்லாருக்கும் பக்கத்தில் ஊர் சேர்த்து வைத்திருந்தாள். நான் சொல்லவில்லை. பதினாறு வருஷமாக நான் செய்யவும் இல்லை.

22 செப்டம்பர்

ஏழு வருஷம் இல்லை. பதினொன்றிலிருந்து எண்ணினால் ஐந்து. கணக்கர் என்று சொல்லிக்கொள்ளும் எனக்கு இது தேவைதான்.

24 அக்டோபர்

குறுவை கொள்முதல், மழை, தீபாவளி மூன்றும் ஒன்றாக வந்ததில் இந்தப் பக்கம் வர முடியவில்லை. கொள்முதல் நிலையங்களில் மூட்டை நனைந்து கிடக்கிறது. ஈரப்பதம் 17-க்கு மேல் போனால் வாங்க மாட்டார்கள் என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு.

கேள்வி கேட்டவர் நாலு மாசம் கழித்து வந்து ஒரு வரி போட்டிருக்கிறார்: பெண்ணுக்கு பி.காம். இடம் கிடைக்கவில்லை, பி.பி.ஏ. கிடைத்தது, சேர்த்துவிட்டேன், ஆயிரம் ரூபாய் வருகிறது, நன்றி. இத்தனை பக்கம் நாம் அடித்துக்கொண்டது அவருக்குத் தேவைப்படவே இல்லை. ஐயா, இரண்டாம் வருஷ லீவில் பெண்ணை ஒரு மாசம் எங்காவது ஒரு கடையில், மண்டியில், ஆபீசில் உட்கார வையுங்கள். சம்பளம் கேட்க வேண்டாம் என்று எழுத வந்தேன், கை நின்றுவிட்டது. பஸ் காசாவது கேளுங்கள்.

அப்ரண்டிஸ் விஷயம்: முதலாளி கையெழுத்துப் போட்டுவிட்டார். காரணம் நான் இல்லை, அவருடைய ஆடிட்டர் சொன்னார். பதிவு முடிந்தது, ஒரு இடம் காட்டியிருக்கிறோம். இதுவரை ஆறு பேர் விண்ணப்பித்திருக்கிறார்கள். புதுப்பெண்ணையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பேசப்போகிறேன். 320 கிலோ கேள்வியைக் கேட்கலாமா என்று அவளிடம் கேட்டேன். "கேளுங்கக்கா, ஆனா தெரியலைன்னா ஆலைக்குள்ள ஒரு சுத்து கூட்டிட்டுப் போயிட்டு மறுபடி கேளுங்க" என்றாள்.

அண்ணன் மகன் ஸ்கில் டெஸ்ட் தேறிவிட்டான். ஐ.பி. (சிங்கப்பூர் வேலை அனுமதிக் கடிதம்) வரவில்லை, ஏஜென்ட் இன்று நாளை என்கிறார். கை மறந்துவிடும் என்று எங்கள் வீட்டுக் குளியலறைத் தரையைக் கேட்டான். பழைய தரையை எடுத்துவிட்டு மூன்று நாள் உட்கார்ந்து போட்டான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. நேற்று ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். எல்லாம் ஓட்டைப் பக்கம் ஓடியது, கதவு மூலையில் மட்டும் ஒரு கையளவு தேங்கி நின்றது.

"பேத்துட்டு மறுபடி போடறேன் அத்தை. எடுக்கறப்ப நாலு டைல்ஸ் ஒடையும்."

ஒன்று அறுபது ரூபாய். போடு என்றேன்.